கதாநாயகனின் சட்டையில் வைத்த மஞ்சள்

கொலோன்,
2006 ஆனி 20

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய விஜயரத்தினம் மாமாவுக்கு,

மருமகள் தேனுஜா எழுதிக்கொள்வது. நாங்கள் உடலளவில் நலம். ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் மாமியும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து உங்கள் அழைப்புகளுக்கு நாங்கள் பதில் சொல்லாததற்குக் காரணம் தொலைபேசி பழுதானது அல்ல. அப்பா அதன் மேல் தலையணையை வைத்து அமர்த்திவிட்டார். "உன்ரை அண்ணை எடுத்தால் நான் வீட்டிலை இல்லை எண்டு சொல்லு" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் நல்ல புள்ளி வாங்குகிறவள் என்பதால் விளக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நிரோசினி அக்கா தையல் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது வேலை பழகிக்கொண்டே படிக்கும் ஓர் இடத்துக்கு, ஒரு வருடமாக அலைந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கார்னிவல் உடுப்புகள் தைக்கும் ஹில்கர்ஸ் ஐயா மட்டும், "எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு. போட்டியில் அது தாக்குப்பிடித்தால் இடம் உனக்கு" என்றார். போட்டி என்றால் கௌபாய்த் துப்பாக்கிப் போட்டி. வங்கி ஊழியர்களும் பல் வைத்தியர்களும் வார இறுதியில் கௌபாய்களாகி இரும்புத் தட்டுகளைச் சுடுகிறார்கள். ஐயா சேர்ந்திருப்பது பழைய மலிவுக் கௌபாய்ப் படங்களின் பிரிவு. அதன் விதிகளை நான் இருமுறை வாசித்தேன். அந்தப் பிரிவில் உண்மையான மாட்டுக்காரன் போல வந்தால் மதிப்பில்லை, படத்துக் கதாநாயகன் போலத்தான் வரவேண்டும். கையில் குஞ்சம், நெஞ்சில் பூவேலை, இடுப்பின் இரு பக்கமும் துப்பாக்கி உறை, மினுங்கும் சப்பாத்தில் குதிரையை விரட்டும் குதிமுள். குதிரையில் இருந்து விழுந்து உருண்டாலும் அந்தக் கதாநாயகனின் சட்டையில் தூசி ஒட்டாது.

அக்கா வெள்ளைத் துணியில் நீல ரோசாக்கள் போட்டு, அம்மாவின் சேலைச் சட்டைகளில் மிஞ்சிய கற்களைப் பதித்து, எல்லா மூட்டுக்கும் இரட்டைத் தையல் போட்டாள். அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "மாடு மேய்க்கப் போறவனுக்கு என்னத்துக்கு இவ்வளவு மினுக்கம்? கலியாண மாப்பிள்ளை தோத்துப்போவான்" என்றார். "பேசாமல் இருங்கோ, பிள்ளையின்ரை வாழ்க்கை அந்தக் குஞ்சத்திலை தொங்குது" என்றார் அம்மா.

இந்த இடத்தில்தான், மாமா, நீங்கள் வருகிறீர்கள். சனிக்கிழமை காலை தொலைபேசியில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "புது உடுப்பெல்லே, மஞ்சள் வைச்சனீங்களோ?" அம்மா, "அண்ணை, அவர் ஜேர்மன்காரர்" என்றார். "ஏன், ஜேர்மன்காரனுக்குக் கண்ணூறு படாதோ?" என்றீர்கள். அம்மா உடனே மஞ்சள் போத்தலை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். ஆனால் அம்மா அக்காவின் எதிர்காலம் முழுவதையும் நினைத்து, இடப்பக்கப் பையின் உள்ளே பெருவிரலால் அப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போட்டி பார்க்கப் போனோம். முதல் வெடியிலேயே அப்பா எங்கள் மூவரையும் மேசைக்கடியில் இழுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரப் பெண், நாங்களும் நடிக்கிறோம் என்று நினைத்துக் கைதட்டினார். "துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதானே இந்த நாட்டுக்கு வந்தது" என்று அப்பா முழங்காலில் இருந்த புல்லைத் தட்டினார். அன்று பயங்கர வெயில், ஹில்கர்ஸ் ஐயாவுக்கோ வியர்வை சாதாரணமாகவே அதிகம், அவருடைய முறை வரும்போது பைக்கு மேலே மஞ்சளாக ஒரு தேசம் உருவாகியிருந்தது, கதாநாயகன் சட்டையில் கறையா என்று அவர் பதறிக் கழிப்பறைக்கு ஓடி, அங்கே இருந்த சவர்க்காரத்தை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது எட்டாம் வகுப்பு இரசாயனம், மாமா. நெஞ்சில் இரத்தச் சிவப்போடு அவர் வெளியே வரவும், அடுத்த வரிசையில் யாரோ "டமார்" என்று சுடவும் சரியாக இருந்தது.

"நிறுத்து! சுட்டுப்போட்டாங்கள்!" என்று ஜேர்மன் மொழியில் ஐம்பது பேர் கத்தினார்கள். இரண்டு பேர் ஐயாவைப் புல்லில் கிடத்தி, காயத்தைப் பார்க்கச் சட்டையைக் கிழிக்க ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அது கிழியவில்லை. அவர் "சவர்க்காரம்! சவர்க்காரம்!" என்று அலற, பாவம், சாகும் நேரத்தில் பிதற்றுகிறார் என்று ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் ஓடிப்போய் உருளைக்கிழங்கு சலாட் விற்கிற கடையில் வினாகிரியை வாங்கி அவர் நெஞ்சில் ஊற்றினேன். சிவப்பு உடனே மஞ்சளாகத் திரும்பியது. சவர்க்காரம் காரம், வினாகிரி அமிலம் என்று காரணத்தையும் விளக்கினேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

அதற்குள் அம்புலன்ஸ் வந்து, சோதித்தே தீருவோம் என்று ஐயாவை ஏற்றிக்கொண்டு போனது. அன்று அவர் ஒரு வெடிகூட வைக்கவில்லை. வினாகிரி மணக்கிற கதாநாயகனுக்கு உடுப்புக்கும் புள்ளி கிடைக்கவில்லை. அக்கா அழுதபடி தையல் மெசினை மூடி, அதன் மேல் என் புத்தகங்களை அடுக்கிவிட்டாள். அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா மஞ்சள் போத்தலைக் குப்பைக்கூடையில் போட்டு, இனித் தொடுவதில்லை என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். ஆகவே மாமா, இனி எங்கள் வீட்டுப் புது உடுப்பு, புதுச் சட்டி, புதுச் செருப்பு எதற்கும் தயவுசெய்து ஆலோசனை சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தின் சார்பில் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோ குறையட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்
தேனுஜா இராசலிங்கம்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது தபால் வந்தது. ஹில்கர்ஸ் ஐயா அவுஸ்பில்டுங் ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார்! "வளர்ந்த ஆண்கள் இருவர் இழுத்தும் ஒரு நூல்கூட விடவில்லை. இந்தக் கை எனக்கு வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அக்கா கையெழுத்து வைத்து இன்றே திருப்பி அனுப்ப வேண்டும். அப்பா தலையணையை எடுத்துவிட்டார், நீங்கள் இனி அழைக்கலாம். நான் வாசித்து முடிக்கும் முன்பே அம்மா குப்பைக்கூடையில் இருந்து போத்தலை எடுத்து, ஒப்பந்தத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம் என்று அப்பா அதைக் குளியலறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். உள்ளே சவர்க்காரம் மணக்கிறது. நான் வினாகிரி வாங்க ஓடுகிறேன்.