மூடி திறப்பவர்

மூடி திறப்பவர் என்றொரு இனம் உண்டு. வாசகரே, இவரை நீங்கள் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கெடுதல் நினைக்காதவர். அக்கறை மிகுந்தவர். ஆபத்தே அதுதான்.

என் எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற கடிகாரப் பழுதுபார்ப்பவர். அவருடைய தங்கை நறுக்கிய முட்டைக்கோஸைப் பீங்கான் ஜாடியில் அமுக்கி, உப்புநீர் ஊற்றி, உள்ளிருந்து வாயு வெளியேற மட்டும் வழிவிடும் மூடியைப் போட்டு, சமையலறை அலமாரியில் புளிக்க வைத்தாள். இருபத்தொன்றாம் நாள் விடுதிச் சமையல்காரர் ருசி பார்க்க வருவார். பிடித்துவிட்டால் வாராவாரம் அவளிடமே வாங்குவார். ஆறு வருடமாக அவள் காத்திருந்த வாய்ப்பு.

ஜாடிக்குள் நடப்பது எளிய விஷயம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காயிலுள்ள சர்க்கரையைக் காற்றில்லாமலே உடைத்துப் பிழைக்கின்றன. காற்றோடு எரித்தால் முப்பது பங்கு சக்தி தரக்கூடிய சர்க்கரையிலிருந்து அவற்றுக்குத் தேறுவது இரண்டு பங்குதான். புகார் சொல்வதில்லை. மிச்சத்தைப் புளிப்பாக்கி விட்டுவிடுகின்றன. அந்தப் புளிப்பே ஜாடிக்குக் காவல். அவை கேட்பது ஒன்றுதான்: சும்மா விடுங்கள்.

நம்மவரால் முடியுமா?

“உள்ள மூச்சு முட்டாதா?”

“அதுங்களுக்குக் காத்தே வேணாம். கை வைக்காதண்ணே.”

“நான் எங்க கை வச்சேன்? சும்மா பார்த்தேன்.”

பல் துலக்குமுன் மூடியைத் திறந்து பார்ப்பார், தங்கை குளிக்கப் போனால் பார்ப்பார், குமிழி வந்தால் ஏன் வருகிறதென்று பார்ப்பார், நின்றால் ஏன் நின்றதென்று பார்ப்பார், பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்ப்பார். இருபது நாளில் நாற்பத்து மூன்று முறை; நான் அங்கு இல்லாத நேரம் இதில் சேராது. ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போனது. காற்றில் செழிக்கும் பூஞ்சையும் கூடவே போனது.

இருபத்தொன்றாம் நாள் சமையல்காரர் மூடியை எடுத்தார். மேலே பச்சையாகப் பஞ்சுப் போர்வை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதினாறாம் நாளே வந்துடுச்சே!” என்றார் அண்ணன், பெருமையோடு. “தினமும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.”

சமையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னார்: “இன்னும் மூணு வாரம் தர்றேன்மா. ஆனா ஜாடிய இவர் இல்லாத வீட்டுல வை.”

புது ஜாடி எந்த வீட்டில் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்வதற்கில்லை. கோபிக்காதீர்கள். இதைப் படிக்கும்போதே, முடிவு என்னவென்று ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தீர்கள் அல்லவா?