வேர்க்கிற நாற்காலி

சக்கரபாணி நாற்காலியைத் துண்டால் துடைத்தார். துண்டைப் பிழிந்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"இதுல தண்ணி கிண்ணி ஊத்தினியா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க. உங்க நாற்காலிக்குத் தண்ணி ஊத்தி வளக்கறேன்," என்றாள் விஜயலட்சுமி.

சக்கரபாணி பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மாட்டை விற்ற பிறகு கொட்டகையை மரப்பட்டறை ஆக்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். உப்பளத்தில் வேலை செய்யும் கன்னியப்பன் கொடுத்த பாத்தி மடையை அடைக்கும் பழைய பலகைகளை இழைத்து அவர் செய்த முதல் உருப்படியான சாமான் இந்த நாற்காலி. அதுதான் இப்போது பெற்ற மகள் கல்யாணத்துக்கே உலை வைத்திருந்தது.

போன வியாழக்கிழமை செந்தமிழைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அருண்ராஜை அவளுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பன் சொந்தமாக உப்பளம் வைத்திருப்பவர். சக்கரபாணி பெருமை தாங்காமல் அவரை இந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து செல்லப்பன் எழுந்தார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் பூசணிக்காய் அளவுக்கு ஈரம். கூடமே பார்த்தது. அறுபது வயது மனிதர், யாரால் என்ன கேட்க முடியும்? செல்லப்பன் பின்னால் தொட்டார். கையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். காபியை அப்படியே வைத்துவிட்டு, "மூடுங்கடா, எல்லாத்தையும் மூடுங்க!" என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டே வண்டி ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து செந்தமிழ் அப்பாவிடம் பேசவில்லை.

சக்கரபாணி பலகை கொடுத்தவனையே பிடித்துக் கேட்டார்.

"இருபது வருஷம் உப்புத் தண்ணியில ஊறின பலகை சார், செல்லே அரிக்காது," என்றான் கன்னியப்பன். "அதை விடுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் திடீர்னு புடிச்ச மழையில எங்க உப்பு பாதி கரைஞ்சு போச்சு சார்."

"உனக்கு உப்பு போச்சு. எனக்கு சம்பந்தமே போச்சுய்யா!"

ஆனால் சம்பந்தம் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தரகர் கொளஞ்சி போன் செய்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றாங்களாம். அதே நாற்காலியிலதான் உக்காருவேன்னு செல்லப்பன் கண்டிஷனா சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா, நேர்ல பேசிக்கலாம்ங்கறாரு."

சக்கரபாணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நம்ம மானத்தை வாங்கத்தான் வர்றாரு," என்றாள் விஜயலட்சுமி. "ஒழுங்கா அதைக் காய வைங்க."

'மரமும் மனசும்' என்று ஒரு வாட்ஸப் குரூப். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் யார் என்ன கேட்டாலும் முதலில் அட்வைஸ் கொடுப்பவர் நம்ம சக்கரபாணிதான். அப்பேர்ப்பட்டவர் தன் நாற்காலி வேர்க்கிறது என்று எப்படிக் கேட்பார்? 'என் நண்பர் ஒருவர் செய்த நாற்காலி ஈரம் விடுகிறது' என்று போட்டார்.

'நண்பர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?' என்று முதல் பதில் வந்தது.

'வயசானவங்க?' என்றது அடுத்தது.

'நண்பருக்கு மரம்னா என்னன்னே தெரியாது போல' என்று மூன்றாவது ஆள் போட்டதற்கு, வேறு வழியில்லாமல் சக்கரபாணியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வெயிலில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்தது. அது பூஞ்சை, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். கழுவினார். ஒரு கால் ஆட ஆரம்பித்தது. நெருப்பில் வாட்டச் சொன்னார்கள். வாட்டியதில் ஒரு கைப்பிடி கரிக்கட்டை ஆனது. அதை மறைக்க வார்னிஷ் அடித்தார். மறுநாள் வார்னிஷ் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நாற்காலிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாலமன் நேரிலேயே வந்துவிட்டான். அவனும் குரூப்பில் இருப்பவன்தான். பெரிய முதலியார்சாவடிக்காரன், ஆரோவில் பக்கம் ஒரு பட்டறையில் வேலை.

"உங்க நண்பர் நாற்காலி உங்க வீட்ல என்னா சார் பண்ணுது?"

"அ... அவரு குடுத்து வெச்சிருக்காருப்பா. பாத்து சொல்லு."

சாலமன் பலகையை நக்கிப் பார்த்தான். "உப்பு சார். காத்துல ஈரம் ஏறினா இழுத்துக்கும். பைபர் படகுக்குப் பூசுற ரெசின் மூணு கோட்டு அடிங்க. கடல்லயே தண்ணி உள்ள போவாது."

மூன்று போதாது என்று சக்கரபாணி ஐந்து அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று வெயில். செல்லப்பன் வந்ததும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கரிந்த கைப்பிடியையோ கொப்புளத்தையோ அவர் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அரை மணி நேரம். கூடமே அவர் வேட்டியைப் பார்த்தபடி இருந்தது. செல்லப்பன் எழுந்தார். பின்னால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே போனை எடுத்தார். "டேய், ஒண்ணும் இல்லடா. எல்லாம் அப்படியே தொறந்து கெடக்கட்டும்!"

எது திறந்து கிடக்கட்டும்? சக்கரபாணிக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ஆனால் செல்லப்பன் சிரித்தார், காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு சம்பந்தி," என்றார்.

சம்பந்தி! சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாளைக்குப் பிறகு செந்தமிழ், "அப்பா" என்று வந்து பக்கத்தில் நின்றாள்.

"சீர் விஷயமா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்..." என்று செல்லப்பன் ஆரம்பித்தபோது, கொட்டகைத் தகரத்தின் மேல் படபடவென்று சத்தம் கேட்டது.

மழை. சாதாரண மழை இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது.

செல்லப்பன் துள்ளி எழுந்தார். நாற்காலியைத் தடவினார். குனிந்து அடியில் தடவினார். "என்னாய்யா பண்ண இதை?" என்றார்.

"அஞ்சு கோட்டு ரெசின் சம்பந்தி! இனிமே ஜென்மத்துக்கும் ஈரம் கட்டாது!"

செல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், "மூடுங்கடா! ஓடிப் போயி மூடுங்கடா!" என்று போனில் அலறியபடி மழையில் ஓடினார்.

சக்கரபாணி விழித்தார். "என்னா கொளஞ்சி, வேட்டி நனையலன்னுகூடவா ஒருத்தர் கோச்சுக்குவாரு?"

தரகர் கொளஞ்சி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வர்ற வழியிலதான் எனக்கே சொன்னாரு சார். போன வாரம் வேட்டி நனைஞ்சதும் போன் போட்டு உப்பை மூடச் சொன்னதாலதான், ஊர்லயே அவரு உப்பு மட்டும் மழையில தப்பிச்சுது, நகை நட்டு ஒண்ணும் வேணாம், மழை சொல்ற அந்த நாற்காலிய மட்டும் சீராக் குடுத்தா போதும்னு கேக்கத்தான் இன்னிக்கு வந்தாரு."