நாற்பது நிமிடத்தில் சாந்தியாகும் ஆவி

திருத்தணிக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி இப்போதெல்லாம் மலையேறுவதே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்திரமோகனின் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறது. போன வருஷம் மாரடைப்பில் செத்துப்போன சந்திரமோகன் உள்ளே பேசுகிறாராம்!

பேச்சு என்றால் பெரிய பேச்சு இல்லை. பாட்டுப் பதிவு செய்கிற பழைய மிக்சரை ஆன் செய்தால் ஸ்பீக்கரில் "ஊம்ம்ம்" என்கிறார். அந்த ஒரு ஊம்முக்கு அர்த்தம் சொல்லத்தான் நாதசித்தர் இருக்கிறாரே! தாடி, உருத்திராட்சம், தோளில் மஞ்சள் பை. கேட்கிறவருக்கு எது வேண்டுமோ, ஊம்முக்கு அதுவே அர்த்தம்.

"எங்க நைனா அங்க நல்லா இருக்காரான்னு கேட்டுச் சொல்லுங்க சாமி" என்றாள் நகரியிலிருந்து வந்த ஒருத்தி.

"ஊம்ம்ம்" என்றது ஸ்பீக்கர்.

"சௌக்கியமா கீறாராம். உம்மேல கொஞ்சம் வருத்தமாம், தாயி."

அவள் அழுதாள். எந்த மகள் அழமாட்டாள்? உயிரோடு இருந்தவரை அவள் நைனாவுக்குத் தெலுங்கு தவிர எதுவும் தெரியாது. செத்த பிறகு தமிழ்க்காரர் வழியாகச் சேதி அனுப்புகிறார். இதை யாரும் யோசிக்கவில்லை. கரண்டு போனால் ஆவியும் போய்விடும். கேட்டால், "தியானத்துல கீறாரு" என்பார் சித்தர். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

சந்திரமோகனின் மனைவி புவனாவுக்கு மட்டும் உள்ளே போக அனுமதி இல்லை. புருஷன் போன மூன்றாம் மாதம், ஆடிக் கிருத்திகைப் பாட்டுப் பதிவு ஒன்றை ஒத்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து வருஷம் அவர் பக்கத்தில் நின்று கற்ற தொழில். அன்றைக்குத்தான் முதல் ஊம். மாமியார் ரத்தினம்மாள் அலறிவிட்டாள்.

"எம்புள்ள நாற்காலில நீ குந்துன, அவன் முனகறான் பாரு!"

எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்த சித்தர் இரண்டு கட்டளை போட்டார். பெண்பிள்ளை அந்த நாற்காலியைத் தொடக்கூடாது. மேசைக்குக் கீழே மிக்சருக்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியை யாரும் திறக்கக்கூடாது, திறந்தால் குடும்பமே நாசம். பெட்டிக்கு மஞ்சள் துணியும் சுற்றினார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்விட்ச், பூஜை. நாற்பது நிமிடத்தில் ஊம் அடங்கிவிடும். மறுநாள் மறுபடி ஊம்.

புவனாவும் நம்பினாள். கட்டின புருஷன் தன்மேல் கோபமாக இருக்கிறான் என்று எட்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஒருநாள் சித்தர் வந்த பஸ் கனகம்மாசத்திரத்தில் பஞ்சர். மாமியார் வழக்கம்போலப் பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பூஜை இல்லை, கற்பூரம் இல்லை. பத்து நாற்பதுக்கு ஊம் அடங்கிப்போனது. ஸ்டுடியோவை ஒட்டிய வீட்டு அடுக்களையிலிருந்த புவனா கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்றரைக்கு வியர்த்து வந்த சித்தர், "பஸ்ல குந்திகினே ஜபம் பண்ணிட்டேன்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

புவனா கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடியோ மிஷின்களை ரிப்பேர் செய்கிற துர்காவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் துர்கா மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். தடையை மீறிப் புவனாவும் அவளோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். ஸ்விட்சைப் போட்டதும் ஊம் உறுமியது. சித்தர் மணியை எடுத்தார்.

"இன்னிக்கு பூஜ வேணாம் சாமி, சும்மா குந்துங்க" என்றாள் துர்கா.

"பெட்டியத் தொறந்தா குடும்பம் நாசமாப் பூடும்!"

"நாசமாப் போறது எங்க குடும்பம்தானே? நானே தொறக்கறேன்" என்று புவனா மஞ்சள் துணியை உருவிவிட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினாள்.

உள்ளே சோடா பாட்டில் உயரத்தில், கரண்டைத் தேக்கிவைக்கிற நான்கு கண்டென்சர்கள். இரண்டின் தலை இட்லி மாதிரி உப்பியிருந்தது. துர்கா பையிலிருந்து முடி உலர்த்தும் டிரையரை எடுத்து அவற்றின்மேல் சூடான காற்றைப் பிடித்தாள். ஊம் தேய்ந்தது. மூன்றாவது நிமிடம் நின்றேபோனது. சித்தருக்கு நாற்பது நிமிடம்!

"ஆவியப் போட்டு சுடறா, பாவி!" என்று சித்தர் கத்தினார்.

"எம்புள்ளய சுடாதடி!" என்று ரத்தினம்மாளும் அழுதாள். கூட்டம் முறைத்தது. ஆதாரத்தைக் காட்டினவள்மேல்தான் கூட்டத்துக்கு எப்போதும் கோபம்.

துர்கா ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். உப்பின கண்டென்சரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"யம்மா, கைய வெக்காத!" என்று துள்ளினார் சித்தர். "உள்ள தேங்கின கரண்ட்ட டிஸ்சார்ஜ் பண்ணாம தொட்டா அடிச்சுடும்!"

துர்காவின் கை பாதியில் நின்றது. அவள் சிரித்தாள்.

"சாமிக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றார் பொதட்டூர்பேட்டை நெசவாளி ஒருவர்.

"ஞான... ஞான திருஷ்டி."

"அப்போ அது கெட்டுப்பூட்டதும் தெரிஞ்சிருக்குமே?" என்றாள் புவனா. "எட்டு மாசம் ஏன் வாயத் தொறக்கல? எம்புருஷன் எம்மேல கோவமா கீறான்னு என்ன ஏன் அழ வெச்ச?"

சித்தர் கூட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "மைக்செட் கடைல வேல பாத்தேன்மா. அத மூடிட்டாங்க..." என்று முனகினார். ஞான திருஷ்டிக்காரர் பெயர் வீரபத்திரன் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மணியை விட்டுவிட்டு அவர் கூட்டத்துக்குள் நுழைந்து ஓடினார்.

முப்பது வருஷத்துப் பழைய கண்டென்சர் உள்ளே காய்ந்துபோயிருக்கிறது, சூடேறினால் வேலை செய்கிறது, ஆறினால் உறுமுகிறது என்று விளக்கிக்கொண்டே துர்கா புதிய கண்டென்சர்களைப் பற்றவைத்தாள். ஸ்விட்சைப் போட்டார்கள். ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"அப்போ எம்புள்ள இங்க இல்லியா, புவனா?" என்றாள் ரத்தினம்மாள்.

"இல்ல, அத்த. எங்கியும் இல்ல."

கிழவி வெகுநேரம் அழுதாள். எட்டு மாதம் தள்ளிப்போட்ட அழுகை அது. பிறகு முந்தானையால் அந்த நாற்காலியின் தூசியைத் துடைத்து மருமகள் பக்கம் நகர்த்திவிட்டாள்.

நான்கு கண்டென்சரை மாற்றத் துர்காவுக்கு ஆனது ஒரு மணி நேரம். ஒரு மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்ற ஊருக்கு எட்டு மாதம் போதவில்லை. திறக்காதே என்று எவனாவது மிரட்டினால், கும்பிடுவதற்கு முன் அவன் எதை மறைக்கிறான் என்று கேளுங்கள். கழுத்துக்கு மேலே இருப்பது திருநீறு பூச மட்டும் இல்லை.