விட்ட இடத்திலிருந்து தொடர்க

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்றொரு பழமொழி உண்டு. அதை நம்பி, யாரும் பார்ப்பதில்லை என்றே உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இது பெரும் பிழை. உடனே திருத்தப்பட வேண்டியது. பார்ப்பார்கள். பல்லை எண்ணுவார்கள். கடைவாய்ப் பல் ஏன் பின்னால் இருக்கிறது என்று கேட்பார்கள். கடைசியில், பக்கத்து வீட்டு மாடு இதைவிட மேல் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

நம்மவருக்கு இது அனுபவப் பாடம். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினி வேலை. மாலையில், கடைகளை விட்டே போய்விட்ட பழைய வீடியோ கேம் பெட்டிகளைக் கணினிக்குள் உயிர்ப்பிக்கும் எமுலேட்டர் ஒன்றை எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்தார். பழைய பெட்டி செய்ததையெல்லாம் அது அச்சு அசலாகச் செய்யும். ஒரே குறை, அதில் விளையாட்டை எப்படித் தொடங்குவது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "கையேடு, ஏழாம் அத்தியாயம்." ஏழாம் அத்தியாயம் புரிய வேண்டுமானால் ஆறாம் அத்தியாயத்தை எழுதியவராக இருக்க வேண்டும்.

இதே மனிதர் சொந்தச் சமையலறையில் எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி மருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, கால் கடுக்க வீடு திரும்புவார். நம்மவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

"ஒரு டீ போட்டு வெச்சிருக்கக்கூடாதா?"

"போட்டிருப்பேன்மா. டீத்தூள் எங்க இருக்குன்னு தெரியல."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வரிதான் அவருக்குக் கோட்டை, மதில், அகழி எல்லாம். டீத்தூள் கிடைத்துவிட்டால் சர்க்கரை எங்கே என்று தெரியாது.

ஒருநாள் எமுலேட்டருக்கு ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வந்தது: "அருமையான மென்பொருள் என்று கேள்வி. திறக்கத் தெரிந்தவர்கள் உறுதிப்படுத்தவும்."

நம்மவர் துடித்துப்போனார். சாதாரண மனிதர் ஒருவரை உட்காரவைத்துச் சோதித்து, குற்றம் பயனர்கள் மேல்தான் என்று நிலைநாட்டிவிடுவது என்று சபதம் எடுத்தார். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த சாதாரண மனிதர் அவர் மனைவி. அந்த அடைமொழி மட்டும் மனைவி காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்.

"நீயாவே விளையாடணும். நான் வாயே திறக்க மாட்டேன்."

"வாயே திறக்க மாட்டீங்களா? அப்ப எவ்வளவு நேரம்னாலும் உக்காரறேன்."

மனைவி திரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல விளையாட்டு எங்க இருக்கு?"

"தேடு."

"மையச் செயலிங்குது, ஒத்திசைவுங்குது, நினைவக வரைபடம்ங்குது. ஏங்க, இது விளையாட்டா, ஆபரேஷன் தியேட்டரா?"

"எல்லாம் முக்கியமான அமைப்புமா! ஒத்திசைவுக்குள்ள போ, அதுல மேம்பட்டவை, அதுக்குள்ள இதர..."

"வாயத் திறக்க மாட்டேன்னீங்க."

திறந்த வாய் மூடியது.

"சரி, பாதி ஆட்டத்துல அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போனா, திரும்பி வந்து விட்ட இடத்துலயே ஆடலாமா?"

"ஆஹா! இதோட உயிரே அதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் பதினொண்ணு. மூணையும் சேத்து அமுக்கணும், மவுசை மட்டும் விட்டுடக்கூடாது."

"மூணு கை இருக்கறவங்களுக்குன்னு செஞ்சீங்களா?"

மவுசைத் தள்ளிவைத்தார் மனைவி. "எங்க கடையில இருக்கற மருந்தையெல்லாம் வாசல்ல கொட்டிட்டு, உங்க மாத்திரைய நீங்களே பொறுக்கிக்கங்க, புத்தகம் இருக்குன்னு சொன்னா காய்ச்சக்காரன் என்ன ஆவான்? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கவர் மேல எழுதிக் குடுக்கறோம். வந்தவன் எதுக்கு வந்தானோ அது கண்ணுக்கு எதிர்ல இருக்கணும். மிச்சத்தையெல்லாம் 'மற்றவை'ன்னு ஒரு அலமாரியில போட்டுப் பூட்டுங்க."

நம்மவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். பிறகு யாரும் பார்க்காதபோது அப்படியே செய்தார். முதல் திரையில் இரண்டே பொத்தான்கள்: "விளையாடு." "விட்ட இடத்திலிருந்து தொடர்க." மற்றதெல்லாம் மற்றவைக்குள் போயிற்று.

நட்சத்திரங்கள் கொட்டின. நம்மவர் ஞானியானார். ஞானிக்கு அடுத்த வேலை உபதேசம்தானே? எமுலேட்டருக்கென்று இணையத்தில் இருந்த பயனர் மன்றத்தில் ஒரு பிரகடனமே வெளியிட்டு, அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"'ஒருவர் ஒரு பொருளைத் தேடித் திண்டாடினால் குற்றம் வடிவமைத்தவருடையது. கண்ணெதிரே வைத்து, பெயரும் எழுதிவைத்த பிறகும் அவர் செய்யாவிட்டால் அதற்குச் சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை.' எப்படி?"

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

பெருமை பொங்கப் படித்தார்.

"இத எல்லாரும் பாத்தாச்சா?"

"உலகமே பாத்தாச்சு! இனி நானே நினைச்சாலும் பின்வாங்க முடியாது."

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மனைவி. கல்யாணமான பிறகு அவர் எழுதிய எதையும் மனைவி பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மாலை மனைவி வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, டீ கேட்டார். நம்மவர் சமையலறை வாசலில் நின்றபடி, பழக்க தோஷத்தில், உள்ளே பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"போட்டிருப்பேன்மா. டீத்தூள் எங்க..."

பார்த்துவிட்டார். கண்ணெதிரே ஒரே ஒரு தட்டு. அதில் மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய மூன்று டப்பாக்கள். "டீத்தூள்: இரண்டு கரண்டி." "சர்க்கரை: உங்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று." "பால்பவுடர்: இறக்கும் முன்." அடுப்பின் திருகில் சிவப்பு வட்டம்: "தொடங்கு." மிளகாய்த் தூள் முதலான ஆபத்துகள் இருந்த அலமாரியில் "மற்றவை" என்று எழுதி, பூட்டும் போட்டிருந்தது. பக்கத்தில் நறுக்கிய காய்கறியோடு ஒரு பாத்திரம், மூடியில் ஒரு சீட்டு: "விட்ட இடத்திலிருந்து தொடர்க."

நம்மவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஏம்மா, வடிகட்டி காணோமே!"

"தலைக்கு மேல மாட்டியிருக்கு. அம்புக்குறி போட்டிருக்கேன் பாருங்க." நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அப்பவும் தெரியலன்னா சொல்லுங்க, உங்க மன்றத்துலயே கேட்டுப் பாக்கறேன்."

டீ வந்தது. மனைவி நிதானமாகக் குடித்து முடித்து, மூன்று நட்சத்திரம் போட்டார்.