வடாமில் ஏறிய ஊர்

பாசத்துக்குரிய லியோகாடியா அக்காவுக்கு,

பினாலுயனிலிருந்து தம்பி கிரிசோகோனோ பணிவோடு எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது. கலிபோர்னியாவில் நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம்தானே? உழவர் புனிதர் சான் இசித்ரோ விழா முடிந்ததும் வீட்டை விற்கப்போவதாக எழுதியிருந்தாய். 'தொழில் இல்லாத ஒருத்தன் தூங்க இவ்வளவு பெரிய வீடு எதற்கு' என்றும் கேட்டிருந்தாய். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. வேறு எங்கே போய் நான் தூங்குவேன்?

இந்த வருஷம் ஊர்வலம் நம் தெரு வழியாக. அவரவர் பிழைப்பை அவரவர் வாசலில் தொங்கவிட வேண்டும், பாதிரியார் நின்று தீர்த்தம் தெளிப்பார், வெறும் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், உனக்குத் தெரியாததா. எதிர்வீட்டில் தொப்பி முடைகிறவர்கள் கூரை வரைக்கும் தொப்பியாய் அடுக்கிவிட்டார்கள், மூலைவீட்டில் நெற்கதிரும் பூசணியும், பக்கத்துவீட்டு பசிலிசா பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைத் தோரணமாய்க் கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க என்னத்த தொங்கவிடப் போறீங்க? தலகாணியையா?" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் நகராட்சியில் பதிவேடு எழுதினவனுக்கு வந்த மரியாதையைப் பார்!

ரோஷம் வந்து நானே இலை வடாம் செய்ய உட்கார்ந்தேன். அரிசி மாவைக் காப்பி இலையில் தேய்த்து, ஆவியில் வேகவைத்து, உரித்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன், சாயம் வாங்கத்தான் மறந்தேன், மலையிலிருந்து பனி இறங்கித் தெருவெல்லாம் பால் மாதிரி நின்ற நேரம், எனக்கும் கண் சொக்கியது. வடாம் சுருளாமல் இருக்கப் பாரம் வைக்க வேண்டுமே, அலுவலகம் இடம் மாறியபோது வேண்டாமென்று தள்ளிய, வீடுவீடாக ஆள், தொழில், மனை எழுதிய பழைய குடிப்பதிவேடுகள் கட்டிலடியில் இருந்தன, பக்கத்துக்குப் பக்கம் ஈர வடாமைச் செருகி மேலே ஏறிப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் பதிவேட்டு ஊதா மையெல்லாம் வடாமில்! பதிவேட்டுத் தாள்களில் வெறும் கறைதான் மிச்சம். தொப்பி முடைபவர், தென்னங்கள்ளு இறக்குபவர், குதிரை லாடம் அடிப்பவர், மருத்துவச்சி... எண்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் மொத்தமும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்து இடம் வலம் மாறி, இலை நரம்போடு, வெளிச்சம் பட்டால் மினுமினுவென்று. வேறு வழி? அதையே தொங்கவிட்டேன்.

அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். காற்றில் வடாமெல்லாம் கலகலவென்று ஆட, ஜனங்க கைக்கண்ணாடியும் கையுமா வந்துட்டாங்க. "ஏய், இது எங்க தாத்தாடி! மீன் வலை பின்னுறவராம்!" "எங்காளு சும்மா இருந்தாராம்யா, அதையும் எழுதி வச்சிருக்கானுங்க!" பாதிரியார் கால் மணி நேரம் நின்னார், தீர்த்தம் தீர்ந்துபோச்சு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஊர்வலம் தாண்டினதும் வழக்கம்போல எல்லாரும் வடாமைப் பறிச்சு, பொரிச்சு, அவங்கவங்க பாட்டனை அவங்கவங்களே தின்னுட்டாங்க. ஊர் சரித்திரம் ஒரே சாயங்காலத்தில் ஜீரணம். வயிற்றுவலி என்று இதுவரை யாரும் வரவில்லை.

இருந்தாலும் நீ மூத்தவள். வீடு உன் பெயரில். விற்பதென்றால் விற்றுக்கொள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு சான் இசித்ரோ மழையும் வெயிலும் அளவாகத் தரட்டும்.

உன் சொல் தட்டாத தம்பி,
கிரிசோகோனோ

பி.கு.: மை ஒற்றும் தாளைப் படித்தே உத்தியோகம் பார்த்தவன் நான், திரும்பிய எழுத்தைப் படிக்க எனக்குக் கைக்கண்ணாடி தேவையில்லை. ஒரு வடாமில், நம் வீடும் மனையும் பசிலிசாவின் பாட்டனுடையது என்றும், நம் பாட்டன் அங்கே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டு தங்கியிருந்தவர் என்றும் இருந்தது. அது பசிலிசா கையில்தான் கிடைத்தது. "என்னண்ணே எழுதியிருக்கு?" என்றாள். "உன் பாட்டன் நல்லவராம்" என்றேன். சந்தோஷமாய்ப் பொரித்துத் தின்றுவிட்டாள். தினமும் எனக்குத் தொத்திறைச்சி கொடுத்து அனுப்புகிறாள், குற்ற உணர்ச்சியோடுதான் சாப்பிடுகிறேன். இந்த வீட்டில் படுத்தால் எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது அக்கா. வேறு வீட்டில் படுத்தால் ஞாபகம் வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.