வாய் மட்டும் தெரியும் பறவை

"வாயை மூடு" என்றாள் மரேதா.

"மூடித்தான் இருக்கேன்."

"அப்ப வெளிய தெரியறது என்ன, முத்துமாலையா?"

தெபானோ கண்ணாடியைப் பார்த்தான். மனைவி சொன்னது சரிதான். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அவனுக்குச் சிரிப்பு வரும். கிரிபாஸ் தீவு ஆட்டத்தில் காலைத் தப்பாக வைத்தால்கூட மன்னிப்பார்கள். சிரித்தால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆக்லாந்தின் தெற்கே, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், இன்னும் சற்று நேரத்தில் திரை விலகப் போகிறது. தீவை விட்டுப் படகேறிய மக்களின் கதை. சமோவாக்காரர்களின் முரசு, மாவோரிகளின் எலும்புக் குழல், கிரிபாஸ் ஆட்டம் எல்லாம் கலந்த இசை நாடகம். படகுக்குக் கரை காட்டும் கடற்பறவையாகக் கடைசிக் காட்சியில் ஆட வேண்டியவன் தெபானோ. இயக்குநர் மெரியானா செய்த அலகு முகமூடி அவன் மூக்கு வரைதான் மறைத்தது. வாய் அப்படியே வெளியே.

கிரிபாஸின் தலைநகர் டராவாவிலிருந்து இன்று ஒரு தேர்வாளர் வருகிறார். யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆட்டம் அவருக்குப் பிடித்தால் குழு முழுவதையும் விழாவுக்கு டராவாவுக்கே அழைப்பார்கள். மரேதா அங்கிருக்கும் தன் அம்மாவைப் பார்த்து ஏழு வருடமாகிறது.

"நீ சிரிச்சியோ, எங்கம்மாவை நான் போன்லயேதான் பாத்துட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் பாடகர் வரிசைக்குப் போனாள்.

தெபானோவின் வாய் இன்னும் அகலமாயிற்று.

"சோகமா எதையாவது நெனைடா" என்றான் நண்பன் தபோகாய்.

மாமியார் தனியாகக் கடற்கரையில் நிற்பதை நினைத்தான். நினைப்பில் மாமியார் திரும்பி அவனை முறைத்தாள். பயத்தில் பல் மொத்தமும் வெளியே வந்தது.

தபோகாய் ஓர் எலுமிச்சை மூடியைக் கொடுத்தான். கடித்தவுடன் உதடு இரண்டும் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டன.

"அய்யய்யோ, இது முந்தினதைவிட மோசம். இரு, என்கிட்ட பல்வலி மருந்து இருக்கு. தடவினா மரத்துப் போயிடும். மரத்த வாய் எப்படிச் சிரிக்கும்?"

தபோகாய் தாராளமாகத் தடவினான். இடப்பக்கம் மரத்துத் தொங்கியது. வலப்பக்கம் மரக்கவில்லை. அது மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

"எப்பழி இழுக்கு?" என்றான் தெபானோ.

"பரவாயில்லடா. இடப்பக்கம் உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

தெபானோ திரையிடுக்கு வழியாகப் பார்த்தான். முன்வரிசையில் தேர்வாளருக்கென்று பின்னல் பாய் விரித்து வைத்திருந்த நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிடுசிடுவென்ற முகம். வலப்பக்கம்.

முகமூடியோடு பின்கதவு வழியாக வெளியே ஓடினான். ஓடுகிறோம் என்பதே அவனுக்குத் தண்ணீர்க் குழாயடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அங்கே ஒரு மனிதர் கை கழுவிக்கொண்டிருந்தார். கசங்கிய பனியன், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. முகம் சந்தேகமில்லாமல் கிரிபாஸ் முகம்.

"அண்ணே, நம்மூரா?" என்று குழறினான்.

"ஆமா தம்பி. வாய்ல என்ன அடியா?"

"பறவை ஆட்டம் தெரியுமா?"

"தெரியாம நம்மூர்ல எவன் இருக்கான்? ஆனா நான் இங்க வேற வேலையா..."

"புபுசி" என்றான் தெபானோ.

அவர் குழாயை மூடினார். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவன் கேட்டுவிட்டால், கிரிபாஸில் பிறந்தவன் மறுக்கவே முடியாது. படகைக் கேட்டாலும் சரி, கட்டியிருக்கும் வேட்டியைக் கேட்டாலும் சரி.

"அடப்பாவி, கேட்டுட்டியா?" என்றார் அவர். "தம்பி, இது சரிப்படாது. நான் யாருன்னு..."

"புபுசி, அண்ணே! எம்பொண்டாட்டி அவங்கம்மாவைப் பாக்கணும்."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு முகமூடிக்காகக் கையை நீட்டினார்.

கடைசிக் காட்சியில் பறவை மேடைக்கு வந்தது. கைகள் விரிந்தன, கழுத்து வெடுக்கென்று திரும்பியது. உதடு அசையவில்லை. முரசு ஏற ஏற, அந்த இறுகிய உதட்டின் ஓரமாகக் கண்ணீர் வழிந்தது. பாடிக்கொண்டிருந்த மரேதா விம்மிவிட்டாள். நன்றாக ஆடியவருக்குச் செய்யும் தீவு மரியாதைப்படி, பெண்கள் மேடைக்கு ஓடிப் பறவையின் கழுத்தில் பவுடர் கொட்டினார்கள், சென்ட் அடித்தார்கள். கூடமே எழுந்து நின்றது.

வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கொட்டாவி விட்டார்.

"போச்சு" என்றான் தெபானோ, திரைக்குப் பின்னால்.

திரை மூடியதும் அவர் நேராக மேடைக்குப் பின்னால் வந்தார். ஆள் மாறாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்! மரேதா ஓடி வந்து தெபானோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெபானோவின் பாதி வாய் தொங்க, பாதி வாய் காது வரை சிரித்தது.

"ஐயா, தப்பு என்னோடதுதான். இவங்களை எல்லாம்..."

"அது கிடக்கட்டுங்க" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். "நான் டாக்ஸி ஓட்டறவன். டராவாலேர்ந்து உங்க நாடகத்தைப் பாத்து முடிவு சொல்ல வந்தவரை ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன். கை கழுவிட்டு வந்துடறேன்னு பின்பக்கமா போன மனுஷன், பனியனும் அரைக்கால் சட்டையுமா, இன்னும் ஆளைக் காணோமே, யாராவது பாத்தீங்களா?"