மாப்பிள்ளை வேட்டியில் விழுந்த கை

சூரியனை நம்பி ஒரு வேலையைத் தொடங்கினால், அது யார் தலையில் முடியும் என்று சொல்ல முடியாது. (எனக்கு, அக்கா மாப்பிள்ளையின் இடுப்பில் முடிந்தது.)

எண்பதுகளில் செம்பூர் கம்பெனி ஒன்றில் படம் வரைகிற வேலை எனக்கு. அங்கே ஒரு பழைய வரைபடம் கிடந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடுகள். இரண்டு உப்புகளைக் கரைத்துத் தடவி, மேலே ஏதாவது வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் போதுமாம். நிழல் வெள்ளையாக நிற்குமாம். கேமராவே வேண்டாம்! பைத்தியம் பிடித்துவிட்டது. முதல் காகிதம் அலசும்போதே கிழிந்தது. அடுத்ததை வெயிலிலேயே காயப்போட்டேன் (மகா புத்திசாலி!), முழுக்க நீலம். சரி, துணியில் பார்ப்போம் என்று ஒரு புது வேட்டியை அந்த உப்பு மருந்தில் முக்கி, தாராவி வீட்டுப் பரண் இருட்டில் உலர்த்தினேன். மஞ்சளாகக் காய்ந்தது.

அக்கா நலங்குக்காக அம்மா மஞ்சளில் முக்கிய வேட்டியும் அதே பரணில்தான் இருந்தது. அம்மா எதை எடுத்துக் கொடுத்திருப்பாள்?

காலை வெயிலில், சந்தில் போட்ட மணையில் மாப்பிள்ளை இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். வேட்டி பச்சையாகி, சாம்பலாகி, கறுக்க ஆரம்பித்தது. பல இடம் தட்டிப்போய் அமைந்த சம்பந்தம் அது. கோவண்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மாவோ பூனை குறுக்கே போனாலே திரும்பிவிடுகிறவர்.

"நல்ல நாளும் அதுவுமா கறுப்பா? எந்திரிலே, போவோம்!" என்று அவர் கத்தினார்.

அக்கா வாசலில் விசும்பினாள். அம்மா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, உன் மருந்தா?" என்றாள். காலில் விழுந்திருக்க வேண்டிய நான் கத்தியதோ, "கைய எடுக்காதீங்க அத்தான்! அசையாதீங்க!"

"க்யா ஹுவா? என்னாச்சு?" என்று முழித்தாலும், அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து மாப்பிள்ளை அசையவில்லை. ஒரு குடம் தண்ணீரை அவர் மடியில் கவிழ்த்தேன். மஞ்சள் ஓடியது. உள்ளிருந்து நீலம் பொங்கியது, அப்படியொரு நீலம். "இப்ப எடுங்க" என்றேன். இரண்டு உள்ளங்கைகள், பத்து விரல்கள், மோதிரத்தின் மேடு உட்பட, வெள்ளையாக நின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அந்தக் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"எம்புள்ள கையேதான். ஏட்டி, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார்.

சாயம் ஒட்டிய நீலக் கால்களோடுதான் அத்தான் தாலி கட்டினார்.

இன்றும் அவர் முறுக்கு டப்பாவுக்குள் கைவிட்டால் பேரப்பிள்ளைகள் கத்துவது அன்று நான் கத்தியதைத்தான். போன வாரம் ரத்தம் எடுக்க ஊசியோடு நர்ஸ் வந்ததும் அத்தான் கையை இழுத்துக்கொண்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கைய எடுக்காதீங்க அத்தான்."